தலைவலிக்கு மாங்காய்ப் பூட்டு

திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பூட்டு, கடைக்குப் பூட்டு, நகைப்பெட்டிக்குப் பூட்டு. கோவில் உண்டியலுக்கு மட்டும் மூன்று பூட்டு. சாமியே காவல் இருக்கிற இடத்தில் பூட்டு எதற்கய்யா என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அதனால் நான் கேட்பதில்லை. இத்தனை பூட்டு செய்கிற ஊரில் ஒரே ஒரு குறை. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பூட்டு இல்லாமல் இருந்தது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த மறு வருஷம் அந்தக் குறையும் தீர்ந்தது. திருச்சிப் பக்கமிருந்து வந்த ரயிலில் பூட்டுச்சாமி வந்து இறங்கினார்.

இறங்கிய மூன்றாம் வாரமே ஊர் கிறுக்குப் பிடித்து அலைந்தது. ஊர்க்கோடியில் சுருட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் காலி செய்துவிட்டுப் போன குடோன்தான் ஆசிரமம். உள்ளே புகையிலை நெடி மூக்கைத் துளைக்கும். அதையும் சாமியின் வாசம் என்று இழுத்து இழுத்து மோந்தார்கள் நம் பக்தகோடிகள். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து கட்டுச்சோற்றோடு மாட்டு வண்டியில் வந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். வக்கீல் குமாஸ்தாவும் நின்றார், வாத்தியாரும் நின்றார். படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நிற்கலாம்.

சாமிக்குக் காவி வேட்டி, நெஞ்சு வரைக்கும் தாடி. கழுத்தில் உருத்திராட்சம் தொங்க வேண்டிய இடத்தில் சாவி மாலை. அசைந்தால் கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே பாதி வலி போகிறது என்று சீடர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

வைத்தியம் இதுதான். நோயாளி முன்னால் உட்கார வேண்டும். சாமி ஒரு வெல்ல உருண்டையை எடுத்து அவர் வாயில் போடுவார். மெல்லக் கூடாது. மென்றால் தலையில் இருக்கிற வலி பல்லுக்கு இறங்கிவிடுமாம். அப்படியே முழுங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு மாங்காய் போலப் புடைத்திருக்கும் மாங்காய்ப் பூட்டு ஒன்றின் சாவித் துவாரத்தில் மூன்று தடவை ஊத வேண்டும். மூச்சோடு வலி உள்ளே போய்விடும். சாமி சாவியைத் திருப்பி டக்கென்று பூட்டுவார். வலி கைது. சாவி சாமியின் கழுத்துக்கு, பூட்டு மஞ்சள் துணி சுற்றி நோயாளியின் கைக்கு. வீட்டில் ஆணியடித்து மாட்டிவிட வேண்டும். துணியை அவிழ்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுவந்து சாமி கையால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டு போக வேண்டும். தட்சணை அவரவர் மனசுப்படி. மனசு சின்னதாக இருந்தால் சீடர்கள் பெரிதாக்கி அனுப்புவார்கள்.

வயிற்றுவலிக்காரன் எந்தப் பக்கத்தால் ஊதுவது என்று ஒருவர் கேட்டாராம். அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நியாயமான கேள்வி கேட்டால் நம் ஊரில் கிடைக்கிற பதில் இதுதான்.

ஆனால் ஒன்று. வலி போனது. சத்தியமாகப் போனது. பூட்டிய அரைமணி முக்கால்மணி நேரத்தில் காய்ச்சல்காரனுக்கு வேர்த்து உடம்பு குளிர்ந்தது. தூக்கமே வராமல் கிடந்தவன் வண்டியில் ஏறிப் படுத்ததும் குறட்டை விட்டான். இதைக் கண்ணால் பார்த்தவன் எப்படி நம்பாமல் இருப்பான்?

போன வலி இரண்டொரு நாளில் திரும்பி வந்தது. அதற்கும் சாமியிடம் பதில் இருந்தது. உன் வீட்டில் யாரோ பூட்டைத் திறந்துவிட்டார்கள் என்பார். ஒரு வீட்டில் பங்காளி, ஒரு வீட்டில் கொழுந்தன் பெண்டாட்டி, பல வீடுகளில் மருமகள். எந்த வீட்டிலும் மாமியார் திறந்ததாகச் சாமி சொன்னதே கிடையாது. தட்சணை கொண்டுவருகிறவர்கள் மாமியார்கள் அல்லவா.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய மாமியார், பக்கத்துக் கிராமமான அகரத்துச் சுந்தரம்மாள். ஐம்பது வயது. தோட்டத்தில் மல்லிகை போட்டிருந்தாள். காலையில் பறித்த பூவை மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து கட்டுவாள். பூவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவருவாள், தெரியாது; கையை நீட்டித் தூர வைத்துப் பார்ப்பாள், கொஞ்சம் தெரியும். இப்படியே நாரைத் தேடித் தேடி முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கும். தைலம் தடவினாள், சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். பிறகு ஊரோடு சேர்ந்து பூட்டுச்சாமியிடம் போனாள்.

அவளுக்கு ஒரே மகன் வேலுசாமி. அவன் மனைவி ராமுத்தாய், திண்டுக்கல் நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஆண்டிச்சாமியின் மகள். கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டார்கள்தான்; எல்லா வீட்டிலும் போடுகிற அளவுக்குத்தான்.

பூட்டிக்கொண்டு வந்த அன்று சுந்தரம்மாளுக்கு வலி போயே போய்விட்டது. அடுத்த நாளும் பரவாயில்லை, அன்று பூ குறைவு. மூன்றாம் நாள் மூன்று கூடை பூ கட்டினாள். வலி வந்துவிட்டது. ஓடினாள் சாமியிடம். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒரு சீடன் நோயாளி வேஷத்தில் நின்றுகொண்டு, "ஏன் ஆத்தா, வீட்ல யாரு யாரு இருக்கா?" என்று பரிவாக விசாரித்தான். மகன் பேர், மருமகள் பேர், சம்பந்தி தொழில், எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவள் முறை வருவதற்குள் அந்தச் சேதி பின்வாசல் வழியாகச் சாமியின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாமி கண்ணை மூடினார். சாவி மாலையைத் தடவினார்.

"உன் வீட்டுக்குள்ள இரும்பு தெரிஞ்ச கை ஒண்ணு இருக்கு. பூட்டைத் திறக்க அந்தக் கைக்கு என் சாவி தேவையில்லை."

சுந்தரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் பட்டறையில் சாவிக்கு அரம் போட்டவள் ராமுத்தாய்தானே. ஒரு வார்த்தைகூட நாம் சொல்லவில்லையே, சாமி எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவளுக்கு ஆச்சரியம். சீடனிடம் சொன்னது அவள் கணக்கில் சேரவில்லை.

அன்று சாயங்காலமே அகரம் முழுக்கப் பேச்சு. வேறு ஊராக இருந்தால் மருமகளைச் சூனியக்காரி என்பார்கள், பேய் பிடித்தவள் என்பார்கள். திண்டுக்கல் சீமையில்தான் கள்ளச்சாவிக்காரி என்பார்கள். ராமுத்தாய் அழுது, சத்தியம் செய்து, தன் பெட்டியைத் திறந்து கொட்டிக் காட்டினாள். சாவி இல்லை. பூட்டுப் பட்டறைக்காரன் மகள் சாவியை ஒளித்து வைக்கவா தெரியாதவள் என்றார்கள். சாவி கிடைத்தாலும் குற்றவாளி, கிடைக்காவிட்டாலும் குற்றவாளி.

சாமி அவளுக்கும் மருந்து கொடுத்தனுப்பினார். கை அரிப்பு அடங்க ராத்திரிக்கு ஒரு உருண்டை, பத்து நாளைக்கு. முதல் உருண்டையை முழுங்கிப் படுத்தவள் மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. மாடு கறக்கவில்லை, வாசல் தெளிக்கவில்லை. சுந்தரம்மாள் முகத்தில் தண்ணீர் தெளித்து உலுக்கின பிறகுதான் கண் திறந்தாள். திறந்தும் தள்ளாடினாள். அவளுக்குள் இருந்த திருட்டுத்தனம் பூட்டிக்கொண்டதால் வந்த உறக்கம் என்று சாமி விளக்கம் சொன்னார். ராமுத்தாய்க்கு அன்றே ஏதோ உறுத்திவிட்டது. மிச்ச உருண்டைகளை முழுங்கியதாகப் பாவனை செய்துவிட்டுத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டாள்.

மறு வாரம் சுந்தரம்மாளுக்கு மறுபடியும் வலி. சாமி கடைசித் தீர்ப்பு சொல்லிவிட்டார். அந்தக் கை வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். வருகிற அமாவாசை கழிந்த வெள்ளிக்கிழமை அவர் கண்ணை மூடிப் பார்த்துச் சொல்வார். அப்போதும் அந்தக் கைதான் தெரிந்தால் உறவை அறுத்துவிட வேண்டியதுதான். ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். இரண்டு வருஷத்துக் குடித்தனம் ஒரு தாடிக்காரன் கண்ணை மூடித் திறப்பதில் தொங்கியது.

வேலுசாமி அவளைச் சைக்கிளில் வைத்து நாகல்நகருக்குக் கொண்டுவந்து விட்டான். நல்லவன்தான். நல்லவன் என்பதைத் தவிர அவனைப்பற்றிச் சொல்வதற்கு வேறொன்றுமில்லை. "அம்மாவுக்கு வலி நின்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். "நிக்காட்டி?" என்று கேட்டாள் ராமுத்தாய். அவன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனான்.

பட்டறைக்குள் நுழைந்தவளுக்கு அடுத்த அதிர்ச்சி. சுவர் ஓரமாகப் பூட்டுகள் குவிந்து கிடந்தன. ஒரே அளவு, ஒரே மாதிரி. பூட்டுச்சாமிக்கு மாசாமாசம் பூட்டு செய்து கொடுப்பவர் அவள் அப்பா ஆண்டிச்சாமி. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று மெனக்கெடவில்லை அவர். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. சாமியும் கேட்கவில்லை.

"அப்பா, நெசமாவே பூட்டுக்குள்ள தலவலி போகுமா?" என்று கேட்டாள்.

ஆண்டிச்சாமி அரத்தைக் கீழே வைத்தார். "போகாது தாயி."

"தெரிஞ்சுமா செஞ்சு குடுத்தீங்க?"

"நான் பூட்டு விக்கிறவன். அவன் அதுக்குள்ள எதப் பூட்டுனா எனக்கென்னன்னு இருந்துட்டேன்."

இந்த எனக்கென்னவில்தான் நாடு முழுக்கச் சாமியார்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்ன என்று குடோனை வாடகைக்கு விட்டவர், எனக்கென்ன என்று மஞ்சள் துணி கிழித்துக் கொடுத்தவர், எனக்கென்ன என்று வேடிக்கை பார்த்தவர். ஆண்டிச்சாமியின் எனக்கென்ன இப்போது பெட்டியும் கையுமாக அவர் வாசலுக்கே வந்து நின்றது. மகளைப் பார்த்து அந்த மனுஷன் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள். அழுது முடித்த பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல வேளை, வந்தது.

நாலாம் நாள் மாற்றுச் சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சாரை சாரையாக எறும்பு. சாமி கொடுத்த உருண்டைகளை முடிந்து வைத்த துணியைச் சுற்றி ஒரே கூட்டம். உதறிப் பிரித்தாள். வெல்லம் முழுக்கத் தீர்ந்திருந்தது. எறும்பு தொடாமல் மிச்சம் வைத்துவிட்டுப் போனவை துணியில் கிடந்தன: வட்ட வட்டமாக வெள்ளை மாத்திரைகள். ஒரு உருண்டைக்கு ஒரு பெரிய மாத்திரையும் ஒரு சின்ன மாத்திரையும்.

எறும்பு பள்ளிக்கூடம் போனதில்லை, பேப்பர் படித்ததில்லை. ஆனால் எது வெல்லம், எது வெல்லம் இல்லை என்று பிரித்துப் பார்த்துவிட்டது. திண்டுக்கல் தாலுகாவில் அந்தச் சாமியைச் சோதித்துப் பார்த்த முதல் ஜீவன் அதுதான்.

ராமுத்தாய் அவற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சையிடம் போனாள். ஆண்டிச்சாமிக்கு நெடுநாள் சிநேகிதர். கண்ணாடியை மூக்கில் இறக்கி மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். பெரியது ஆஸ்பத்திரியில் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற மாத்திரை. சின்னதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது தூக்க மாத்திரை தாயி. டாக்டர் சீட்டு இல்லாம நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். அளவு தப்புனா தூங்குனவங்க எந்திரிக்க மாட்டாங்க. இத வெல்லத்துல வச்சு ஊருக்கே குடுக்குறானா?"

வலி எப்படிப் போகிறது என்று கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரை வலியை வாய் மூடிக்கொண்டு இருக்கச் சொல்லும், நாலைந்து மணி நேரத்துக்கு. வலி எதனால் வந்ததோ அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். விஷக் காய்ச்சல்காரனுக்கு இதைக் கொடுத்துச் சொஸ்தமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினால் அவன் பிழைப்பதே கஷ்டம். உன் மாமியார் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். பூ கட்டுவதையும், கையை நீட்டி வைத்துப் பார்ப்பதையும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பூட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், மூக்குக் கண்ணாடி வேண்டும் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். கடை நிறைய மருந்து வைத்திருக்கிற அவர் வீட்டிலேயே காலண்டருக்குப் பின்னால் மஞ்சள் துணி சுற்றிய பூட்டு ஒன்று தொங்குகிறதாம். அவர் மனைவி கமர்ஜஹான் போய் வாங்கி வந்தது. இதே தலைவலி மாத்திரையை அவர் கையால் கொடுத்தால் கசக்கிறது என்று துப்பிவிடுவாளாம்.

போலீசில் சொல்லிவிடலாம் என்றார் மைதீன் பிச்சை. ராமுத்தாய் யோசித்தாள். "இப்பச் சொன்னா யாரு பாய் நம்புவா? சாமி கை பட்டதும் வெல்லமே மருந்தாயிருச்சு, என்னா சக்தின்னு இன்னும் நாலு பேரு போயி விழுவாங்க. மொதல்ல பூட்டு பொய்யின்னு அவங்க கையாலயே அவங்களுக்குத் தெரியணும்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அமாவாசைக்கு நூறு பூட்டு வேண்டும் என்று சாமியிடமிருந்து ஆள் வந்திருந்தது. மாசம் ஒரு தரம் எல்லோரும் பூட்டை மாற்ற வேண்டுமாம். பழைய பூட்டில் வலி நிறைந்துவிட்டதாம். அந்த நூறு பூட்டிலும் வளையத்தைக் கவ்விப் பிடிக்கிற நாக்கை அராவி எடுத்துவிட வேண்டும் என்றாள் ராமுத்தாய். சாவியைத் திருப்பினால் டக்கென்று சத்தம் வரட்டும். ஆணியில் தொங்கட்டும். ஆனால் கையால் ஒரு இழுப்பு இழுத்தால் வளையம் கழன்று வந்துவிட வேண்டும்.

ஆண்டிச்சாமிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பூட்டுச் செய்கிறவன், பூட்டாத பூட்டை வெளியே அனுப்பினால் பட்டறைப் பேர் என்னாவது என்று குதித்தார்.

"காய்ச்சலைப் பூட்டுற பூட்டுன்னு அனுப்புனப்ப வராத ரோசம் இப்ப எங்கிட்டிருந்துப்பா வருது?"

அவர் அரத்தைக் கையில் எடுத்தார். அப்பாவும் மகளும் எதிர் எதிராக உட்கார்ந்து நூறு பூட்டுக்கும் நாக்கறுத்தார்கள்.

அமாவாசை வந்தது. சாமி கொட்டு மேளத்தோடு நூறு பேருக்குப் புதுப் பூட்டுப் போட்டார். நூறு பேரும் ஊதினார்கள். நூறு டக். மஞ்சள் துணி, வீட்டில் வைத்து முழுங்க உருண்டைப் பொட்டலம், தட்சணை. எல்லோரும் வலியைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை. குடோனில் எள் விழ இடமில்லை. நூறு பேரும் மஞ்சள் முடிச்சோடு எண்ணெய் விட வந்திருந்தார்கள். அகரத்துப் பெரியவர்களும் தீர்ப்புக் கேட்க வந்திருந்தார்கள். சுந்தரம்மாள் முன்வரிசையில் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உருண்டை முந்தாநாளே தீர்ந்துவிட்டது. வேலுசாமி தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தான். ராமுத்தாயும் ஆண்டிச்சாமியும் உள்ளே வந்ததும் சலசலப்பு. மைதீன் பிச்சை ஒரு ஓரமாக வந்து நின்றார்.

சாமி கண்ணை மூடப் போனார். செத்த நேரம் பொறுக்கும்படி ராமுத்தாய் கும்பிட்டுக் கேட்டாள். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அதற்கு முன் இங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். பணிவாகப் பேசினதில் சாமிக்குச் சந்தோஷம். கேள் மகளே என்றார்.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். புதுப் பூட்டுப் போட்ட பிறகு வலி இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். கைகள் எழுந்தன. முக்கால்வாசிக்கு மேல். சாமி தாடியைத் தடவிக்கொண்டார். பூட்டுத் திறந்தால் வலி எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று சாமியைக் கேட்டாள். திறந்த மறு நொடி என்றார் சாமி.

"சரி. அம்புட்டுப் பேரும் துணிய அவுத்து, வளையத்தப் புடிச்சு ஒரு இழு இழுங்க."

சாமி கத்துவதற்குள் குஜிலியம்பாறைக்காரர் ஒருவர் இழுத்துவிட்டார். வளையம் கையோடு வந்தது. பக்கத்தில் இருந்தவர் இழுத்தார், வந்தது. வாத்தியார் இழுத்தார், வந்தது. கமர்ஜஹான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு இழுத்தாள், அதுவும் வந்தது. குடோன் முழுக்கச் சடக் சடக் என்று ஒரே சத்தம். பிறகு எல்லோரும் அவரவர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வலி வரவில்லை. வராத வலிக்காக ஒரு கூட்டம் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆண்டிச்சாமி முன்னால் வந்தார். "நாந்தான் அறுத்தேன். அமாவாசை அன்னைக்கே இது பூட்டல. இந்தா, அறுத்த நாக்கு நூறும் இருக்கு" என்று துண்டிலிருந்து தரையில் கொட்டினார். இத்தனை நாள் தெரிந்தே செய்து கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து நின்றார்.

சாமி எழுந்துவிட்டார். அப்பனும் மகளும் மோசக்காரர்கள், நல்ல பூட்டாக இருந்தால் இந்த அபசாரம் நடக்காது என்று கத்தினார். ராமுத்தாய் இதற்குத்தான் காத்திருந்தாள். நல்ல பூட்டே கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, ஏழு லீவர் மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். யானையைக் கட்டி வைக்கலாம். மாமியாருக்கு இப்போது தலைவலி இருக்கிறது, எல்லோர் முன்னாலும் பூட்டிக் காட்டுங்கள் என்றாள். ஒன்றே ஒன்று, உருண்டை மட்டும் வேண்டாம்.

"வலியப் பூட்டுறது பூட்டுதான? அப்பறம் வெல்லம் எதுக்கு?"

கூட்டமும் அதையே கேட்டது. சாமிக்கு வேறு வழியில்லை. சுந்தரம்மாள் மூன்று தடவை ஊதினாள். சாமி பூட்டினார். யாரோ திறந்துவிட்டார்கள் என்று பிறகு சொல்ல முடியாதபடி சாவியை வேலுசாமி கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தான். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவன் பெண்டாட்டிக்காகச் செய்த முதல் காரியம் அது. சோறு வேகிற நேரம் காத்திருந்தார்கள். சுந்தரம்மாள் ஒரு வார்த்தை வலி விட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும், ராமுத்தாயின் கதை அன்றோடு முடிந்தது. அவளும் சொல்லத்தான் பார்த்தாள். சாமி மானம் போகிறதே என்று வாயைத் திறந்தாள். ஆனால் வலி அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"இடிக்குதுடி. மண்டை வெடிச்சுப் போகும்போல இருக்கு" என்று தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ராமுத்தாய் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மைதீன் பிச்சை ஒரு வெண்கலக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, சாமியின் தாம்பாளத்திலிருந்து ஒரு உருண்டையை எடுத்துப் போட்டார். வெல்லம் கரைந்தது. அடியில் இரண்டு மாத்திரைகள் கிடந்தன. கிண்ணம் கை மாறிக் கை மாறி வாசல் வரைக்கும் போய் வந்தது. எது எதற்கு உள்ள மாத்திரை, எது ஆளைக் கொல்லும் என்று பாய் இரண்டு வரியில் சொன்னார். பிறகு சுந்தரம்மாளுக்குத் தலைவலி மாத்திரை ஒன்றை மட்டும் தண்ணீரோடு கொடுத்தார். இது வலியைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடும், அவ்வளவுதான் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

சீடர்கள் எப்போது மாயமானார்கள் என்று தெரியவில்லை. சாமி பின்பக்க ஜன்னலில் ஏறினார். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. சாவி மாலை ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டது. போலீஸ்காரர் வந்து அறுத்து இறக்கும்வரை தொங்கிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் விசாரித்ததில் பேர் மொக்கைச்சாமி. வேறொரு ஊரில் ஒரு டாக்டரிடம் எடுபிடியாக இருந்து மருந்து திருடி விரட்டப்பட்ட ஆசாமி என்று தெரிந்தது. இமயமலையில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்த கதை அத்தோடு கரைந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாகப் பேனாவை மூடியிருப்பேன். நம் ஜனங்கள் விட்டால்தானே. மாத்திரை வேலை செய்து வலி தணிந்ததும் சுந்தரம்மாள் எழுந்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். அப்படியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"நீ சாதாரணப் பொம்பளை இல்லடி. உனக்குள்ள ஆத்தா எறங்கியிருக்கா. இல்லாட்டி இது ஒரு பொட்டச்சி செய்யிற காரியமா?"

அவ்வளவுதான். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். பல்வலிக்காரர் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரோ கற்பூரம் தேடினார்கள். வாத்தியார்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ராமுத்தாய் மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"போன வாரம் கள்ளச்சாவிக்காரி. இந்த வாரம் ஆத்தாவா? நடுவுல ஒரு நாள் மனுஷியா இருக்க விடமாட்டீங்களா அத்தை? எறும்பு மிச்சம் வச்சதப் பாத்தேன். கடையில கேட்டேன். யோசிச்சேன். அம்புட்டுத்தான். நாளைக்குக் காலைல கண் டாக்டர்கிட்டப் போறோம், உங்களுக்குக் கண்ணாடி வாங்குறோம். அதுக்கப்பறம்தான் நான் வீட்டுக்கு வாரேன்."

சுந்தரம்மாள் சரியென்று தலையாட்டினாள். விழுந்து கிடந்த பல்வலிக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆத்தா வாக்குச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாராம். அவரைத் தாண்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஐயா, அம்மா, இதைப் படிக்கிற உங்களையும் ஒன்று கேட்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். தலை வலிப்பதற்காக மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், வலிக்காது.